முளகுமூட்டில் பிறந்த சபை

பிலிப்பைன்ஸில் ஐ.சி.எம். (மாதாவின் மாசற்ற இருதய மறைபரப்பு) சிஸ்டர்மார் நடத்திய பள்ளி, கல்லூரிகளில் படித்தவர்களிடம் கேட்டால் அது பெல்ஜியம் துறவற சபை என்பார்கள், ஆனால் அந்தச் சபை தொடங்கியது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நம்ம முளகுமூட்டில்தான். கோவில் திருவிழாவுக்கு வருகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

1897 நவம்பர் 7 அன்று மதர் மரி லூயிஸ் தெ மீஸ்டர் ஒரே ஒரு நவதுறவியை (துறவறப் பயிற்சியில் இருக்கிற பெண்ணை) கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். வயது 40. இது அப்போது திருவிதாங்கூர், கொல்லம் மறைமாவட்டம். அங்கிருந்த பெல்ஜியம் கார்மேல் சாமிமார் அனாதைப் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் கேட்டிருந்தார்கள். கேட்டது சரி, வந்தவர் யார் என்பதுதான் ஆச்சரியம். அவர் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், புனித அகுஸ்தினார் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கை, அதாவது வாழ்க்கை விதிகளை, பின்பற்றும் அடைபட்ட மடத்துத் துறவி. பெண் துறவியர் மடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்று 1298இல் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் சட்டம் போட்டார், 1563இல் திரிதெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) அதை இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட மரபில் வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு பெண் கப்பலேறி வந்து, சேலையும் தாவணியுமாக நிற்கிற பிள்ளைகளுக்கு நடுவே குடியேறுவதென்றால் சும்மாவா!

ஆனால் சுமார் 400ஆம் ஆண்டையொட்டி அகுஸ்தினார் எழுதிய ஒழுங்கை எடுத்து வாசித்தால் அதில் மதிலைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் பொதுவில் இருக்கட்டும், ஒரே மனமாய் வாழுங்கள் என்கிறது. வெளியே போனால் சேர்ந்து போங்கள் என்றும் சொல்கிறது. மதில் பிறகு வந்ததுதான். என்னைக் கேட்டால், மதர் ஒழுங்கை மீறவில்லை, பழைய ஒழுங்குக்கே திரும்பிப் போனார்.

பிள்ளைகளுக்குப் படிப்போடு ரேந்தை (லேஸ்) பின்னலும் சொல்லிக்கொடுத்தார்கள். ரேந்தை நம்ம பக்கத்துக்குப் புதிதல்ல, நாகர்கோவிலில் லண்டன் மிஷன் மால்ட் அம்மையார் 1820களிலேயே தொடங்கிவிட்டார், அந்தப் பெருமையை மறைக்க வேண்டாம். என் பெரியம்மை திண்ணையில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். மடியில் கெட்டியான தலையணை, அதன்மேல் பின்னல் மாதிரிக்குத் துளைபோட்ட அட்டை, துளைக்கொரு குண்டூசி, நூல் சுற்றிய குச்சிகள் ஜோடி ஜோடியாய்த் தொங்கும். இடது கைக் குச்சியை வலது கைக் குச்சிமேல் மாற்றிப் போட்டு முறுக்கி, ஊசி குத்தி, மறுபடி மாற்றி, டக்டக்கென்று சத்தம் மட்டும் கேட்கும். ஒரு மாலை முழுக்கப் பின்னினாலும் விரல் நீளம்தான் தேறும். அந்த வேலைக்குக் கிடைத்த கூலியை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்புறம் சபை வேகமாக வளர்ந்தது. 1910இல் பிலிப்பைன்ஸில் தகுதின் என்ற ஊருக்குப் போனார்கள், 1915இல் மணிலாவில் புனித தெரேசா கல்லூரி, பிறகு காங்கோ, சீனா. 1928இல் மதர் இறந்தார். சபை மாதாவின் மாசற்ற இருதயத்தின் பெயரை எடுத்துக்கொண்டது 1963இல்தான், அதுவரை அகுஸ்தினார் பெயரே சபைப் பெயரில் இருந்தது. முளகுமூடு இப்போது குழித்துறை மறைமாவட்டத்தில் இருக்கிறது.

அந்த மடத்தில் ரேந்தை படித்த பாட்டிமார் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், பழைய அட்டைகளை எரித்துவிடுவதற்கு முன்னால் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.