கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் வேலை

நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளி. அங்கே ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வகுப்பில் நான் 'பாரா', அதாவது ஆசிரியைக்கு உதவியாளர். சின்னவனும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு சேர்ந்த வேலை. "ரெண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு இதென்ன பெரிய விஷயம்" என்றார் என் கணவர்.

அமெரிக்கா வந்த புதிதில் எனக்கு ஹெச்-4 விசா, அதாவது கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைப்பது. வேலை பார்க்கக் கூடாது. கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் மனைவியும் வேலை பார்க்க அனுமதி கேட்கலாம் என்ற விதி 2015 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நீச்சல், பாட்டு, கணக்கு வகுப்பு என்று பிள்ளைகளுக்குக் கார் ஓட்டுவதே முழுநேர வேலையாகிவிட்டது. அனுமதி அட்டையை வாங்கி டிராயரில் போட்டேன், காலாவதியாகும்போது புதுப்பித்தேன், அவ்வளவுதான். இந்த வேலைக்காகப் பட்டத்தை மதிப்பீடு செய்வது, கைரேகை கொடுப்பது எல்லாம் வீடு காலியான பிறகு நடந்தவை.

வகுப்பில் எனக்கு முதலில் சொல்லப்பட்டது, கையை வைக்காதே என்பது. குளிர்காலம். வெளியே விளையாடப் போகுமுன் ஒரு பையன் ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டுகிறான். என் கை தானாக நீளும். ஆசிரியை கண்ணாலேயே நிறுத்துவார். அடியில் கோர்த்து முக்கால்வாசி நான் ஏற்றிவிடலாம். கடைசி இழுப்பு அவனுடையது. அது பழகியதும் பாதி, அப்புறம் கால்வாசி என்று என் பங்கு குறைந்துகொண்டே வரும். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையில், குழந்தை ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்த சந்தோஷத்தோடு போகிறது.

இதைவிடக் கஷ்டம் வாயை மூடிக்கொண்டிருப்பது. கையைப் பிடித்துச் செய்ய வைப்பதைக்கூடச் சீக்கிரம் விலக்கிவிடலாம். வாயால் சொல்லிப் பழக்கினால், சொன்னால்தான் செய்வான் என்றாகிவிடும். அதனால் செய்ய வேண்டியதன் படத்தைக் காட்டிவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். "பல் தேச்சியா, பையை எடுத்தியா" என்று வருஷக்கணக்கில் ஓடிய வாய்க்கு அந்த ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்பது அம்மாக்களுக்குத் தெரியும்.

பொங்கல் விழாவில் ஒரு தோழி கேட்டாள், "கணக்குல எம்.எஸ்சி. முடிச்சுட்டு, குழந்தைங்களுக்கு ஜிப் போட்டு விடுறியா?" போட்டு விடாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்றேன். அவள் சிரித்தாள், நான் நிஜமாகத்தான் சொன்னேன். சம்பளம் சொற்பம்தான், கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆனால் 'தாய்மை உள்ளம்தான் இந்த வேலைக்கு வேண்டும்' என்று யாராவது உருகினால் எரிச்சலாக வருகிறது. பாசத்தில் எனக்குக் குறைவில்லை. நான் புதிதாகக் கற்றது அளப்பதைத்தான். இன்று எத்தனை முறை தானாகச் செய்தான், எங்கே உதவி தேவைப்பட்டது என்று கிளிப்போர்டில் குறிக்கிறேன். வாரக் கடைசியில் அந்தப் புள்ளிகளை வரைபடமாக்குவதும் நான்தான். பழைய கணக்கு மூளை அங்கே உட்கார்ந்து சுகமாக வேலை செய்கிறது.

அடுத்து ஆர்.பி.டி. (Registered Behavior Technician), அதாவது நடத்தைப் பயிற்சி உதவியாளர் சான்றிதழுக்கான தேர்வுக்குப் படிக்கிறேன். அதற்கு முன் 40 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். சாயங்காலங்களில் வீடியோ பாடம் ஓடுகிறது, ரசம் வைப்பது இப்போது கணவர் பொறுப்பு. புளி கூடிப்போகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.