ராத்திரி சாவி யாரிடம் இருக்கிறது?

மனநலக் காப்பகம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் பகலில்தான் போகிறோம். பதினோரு மணி வாக்கில் போனால் எந்த ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்திருப்பார்கள், அடுப்படியிலிருந்து சாம்பார் வாசம் வரும், மேலாளர் காபி வரவழைப்பார். அண்ணனுக்கு இடம் தேடி அலைந்தபோது அப்படி நிறையக் காபி குடித்தேன்.

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்தது. அம்மா இருந்தவரை அம்மாவே மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு, வேலைக்குப் போகிற என்னால் அவனை நாள் முழுக்கத் தனியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

எங்களுக்குப் பரமக்குடி. மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிற தர்கா ஊரான ஏர்வாடியில் அண்ணனை விடச் சொல்லி ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் அம்மாவை விடாமல் வற்புறுத்தினார்கள். அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மறுநாள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால் எந்த ஹோமுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை. ராத்திரி விழித்திருப்பது யார், சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்பேன்.

ஒரு இடத்தில் பெரிய ஹால், வரிசையாகக் கட்டில்கள், வாசலில் இழுத்துப் பூட்டுகிற கிரில் கேட். எட்டு மணிக்குப் பூட்டினால் காலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்களாம். சாவி வார்டனிடம், வார்டன் படுப்பது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டடத்தில். "ராத்திரி தீப்பிடிச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் இங்க நடக்காதுங்க மேடம்" என்றார் மேலாளர். சுவரில் சிவப்புத் தீயணைப்பு உருளை இருந்தது. மறுபடி நிரப்ப வேண்டிய தேதி எப்போதோ தாண்டியிருந்தது. ஹாலில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் மொட்டை அடித்து, ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். கேட்டால், பேன் வருமாம்.

2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதையெல்லாம் தெளிவாகத் தடுக்கிறது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, சீருடை போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது, தனியறையில் அடைக்கக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தலாம். அதற்கு மனநல மருத்துவரின் ஒப்புதல் வேண்டும், காரணம் பதிவேட்டில் ஏற வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லாமல் இல்லம் நடத்தவே கூடாது. இருந்தும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தில் சோதனை நடந்தபோது, அது முறையான உரிமம் இல்லாமல் நடந்ததாகவும் உள்ளே இருந்தவர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதாகவும் வெளியே வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதனால் நான் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் பேச்சை ஆரம்பிப்பதே இல்லை. கூச்சப்படாமல் கேளுங்கள். நன்றாக நடத்துகிறவர்கள் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

இன்னொரு விஷயம், மருந்து. இதைப் பற்றிக் குடும்பங்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். அண்ணன் சாப்பிடுவது குளோசபின். அவனை ஓரளவு நிம்மதியாக வைத்திருக்கும் மருந்து அது ஒன்றுதான். ஆனால் அதற்கு ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது, ஆரம்பத்தில் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டியிருந்தது. எடை ஏறும், சர்க்கரை வரலாம். மலச்சிக்கல் வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். வயிறு சரியில்லை என்று இந்த மருந்து சாப்பிடுகிறவர்களில் பலர் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் எந்த ஹோமிலும் நான் கேட்கிற அடுத்த கேள்வி, யார் பாத்ரூம் போனார்கள், யார் போகவில்லை என்று குறித்து வைக்கிறீர்களா என்பதுதான். சிலர் முகம் சுளித்தார்கள்.

இப்போது அண்ணன் இருக்கிற ஹோமில் முகம் சுளிக்கவில்லை. அங்கிருந்த நர்ஸம்மா நீளமான ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து வைத்தார். ஆளுக்கு ஒரு பக்கம். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மலம், தூக்கம், பக்கத்தில் அவருடைய சிறுகையெழுத்து. அன்று மதியம் நான் அங்கேயே சாப்பிட்டேன். வயதான ஒருவர் பரபரவென்று விழுங்குகிறவர் போலிருக்கிறது, அவருக்கு மட்டும் சப்பாத்தியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். அவர் முடிக்கும்வரை ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் அதட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணனை அங்கே விடலாம் என்று தோன்றியது.

அவன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறான், அதற்குக் கூலி உண்டு. செல்போன் அவனிடமே இருக்கிறது. தினமும் ராத்திரி கூப்பிட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

என் ஆசை இதைவிடப் பெரியது. சென்னையில் 1993-ல் தொடங்கப்பட்ட பேன்யன் அமைப்பு, மனநோய் உள்ளவர்கள் நான்கைந்து பேரைச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துச் சேர்ந்து வாழ வைக்கிறது. அவர்களே கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், உதவிக்கு ஆள் இருக்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை என்று சட்டம் சொல்வது இதைத்தான். எங்கள் பக்கம் அப்படி ஒரு வீடு அண்ணனுக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, கிடைக்கிறவரை இருக்கிற இடத்தைச் சரியாக வைத்திருக்க வேண்டும். அங்கே ராத்திரி விழித்திருக்க ஒரே ஓர் ஆள்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தாலோ மற்றவர்களுக்கு யாரும் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் குடும்பத்தார் எல்லோருமாகச் சேர்ந்து இன்னொரு ஆள் போடச் சொல்லிக் கேட்கப்போகிறோம். கட்டணம் ஏறும். ஏறுகிற தொகையைக் கொடுக்க முடியாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்று வாட்ஸப் குழுவில் பேசி முடித்துவிட்டோம்.