காயில் சுற்றிய கைகள்: ஒரு விடைபெறும் நாட்குறிப்பு

மார்ச் 2

வேப்பிங்கை, அதாவது இ-சிகரெட் ஆவியை இழுக்கும் பழக்கத்தை, அடியோடு விட்டுவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இம்மாதம் பத்தாம் தேதியை நாளாகக் குறித்துவிட்டேன். அதற்குள் மனத்தையும் பொருள்களையும் ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும். அதன்பின், நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ சுற்றுவதையும் அந்தத் திரவம் கலப்பதையும் ஒரு கலையாகவே என்னோடு சேர்ந்து பழகிவந்த குழுவினரிடம் சொல்லிக்கொண்டு விலக வேண்டும். முதல் காரியத்தை எப்படியும் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. இரண்டாவதை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

இந்தப் பழக்கத்தை ஏசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சிகரெட்டிலிருந்து என்னை மீட்டது இதுதான். புகையிலை எரியும்போது உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிதலே இல்லாத இந்த ஆவியில் வருவதில்லை. நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைவிட நிக்கோட்டின் கொண்ட இ-சிகரெட்டே கூடுதலானோரைப் புகைப்பழக்கத்திலிருந்து விடுவிக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத்தொகுப்பும் கூறுகிறது. ஆனால் சிகரெட்டுக்கு இயல்பாகவே ஒரு முடிவு உண்டு. பற்றவைத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும், அடுத்ததை எடுக்க மனம் ஒருமுறையேனும் யோசிக்கும். வேப்புக்கு அப்படிப்பட்ட முடிவு கிடையாது. கண் விழித்ததும் தொடங்கும் இழுப்பு, விளக்கை அணைக்கும்வரை நாள் முழுவதும் பரவிக்கிடக்கிறது. சாதனம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் பேச்சிலும் வேலையிலும் கவனம் நிற்பதில்லை. இந்த நிலையில் இனியும் நீடிக்க நான் விரும்பவில்லை.

மார்ச் 5

குழுவில் பலரும் பரிந்துரைக்கும் வழி, திரவத்தின் நிக்கோட்டின் அளவை மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராமிலிருந்து 6, பிறகு 3 என்று இறக்கிக்கொண்டே வந்து பூச்சியத்தில் நிறுத்துவது. அந்த வழியில் வென்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவு குறையக் குறைய, இழுப்பவர் அறியாமலேயே இழுப்பின் நீளமும் எண்ணிக்கையும் கூடிவிடுகின்றன. உடல் தனக்குப் பழகிய பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பாட்டில்தான் விரைவில் காலியாகிறது.

ஆகவே நான் இழுப்பதை முழுவதும் நிறுத்திவிட்டு, நிக்கோட்டினைச் சூயிங்கம் வழியாகச் சில வாரங்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. நுரையீரல் வழியாகப் போகும் நிக்கோட்டின் பத்து இருபது விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. கை உயர்ந்து, வாய் இழுத்து, அடுத்த கணமே மூளைக்கு வெகுமதி கிடைப்பதால், அந்தச் செயலும் அந்தச் சுகமும் பிரிக்க முடியாதபடி பிணைந்துவிடுகின்றன. சூயிங்கத்தின் நிக்கோட்டினோ கன்னத்தின் உட்சவ்வு வழியாக மெதுவாக ஏறி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில்தான் உச்சத்தை அடைகிறது. பொருளைக் கொடுத்துக்கொண்டே அந்தப் பிணைப்பை மட்டும் முதலில் அறுக்கலாம்.

மார்ச் 8

இன்று கடைசி முறையாக ஒரு காயில் சுற்றினேன். தேவை இருந்ததால் செய்யவில்லை. இந்த வேலைக்கு மரியாதையாக விடைகொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த 26 கேஜ் தடிமனுள்ள காந்தால் கம்பியை மூன்று மில்லிமீட்டர் தண்டின்மேல் ஏழு சுற்று சுற்றினால் ஏறத்தாழ ஓர் ஓம் மின்தடை கிடைக்கும். அப்படி இரண்டை இணையாகப் பொருத்தினால் அரை ஓம். முழுதாக மின்னேற்றிய 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும், ஆகவே 8.4 ஆம்பியர் மின்னோட்டம், சுமார் 35 வாட் திறன். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித்தந்தவர் குழுவின் மூத்தவரான அண்ணன். பேட்டரி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று பார்க்காமல் காயில் சுற்றுபவன் தன் சட்டைப்பையில் நெருப்பை வைத்துக்கொள்கிறான் என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வார். பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதி, அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கைக்கு வந்தது.

கம்பியைப் பொருத்தியபின் குறைந்த திறனில் விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஓரங்களில் முதலில் சிவந்தால் சுற்றுகள் சீராக இல்லை என்று பொருள். பீங்கான் முனை கொண்ட இடுக்கியால் மெல்ல வருடி, சுற்றுகளை ஒன்றோடொன்று நெருக்கினால், செம்மை நடுவிலிருந்து இருபுறமும் ஒரே சீராகப் பரவும். அதன்பின், திரவத்தை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும் பஞ்சு. காயிலுக்குள் இழுக்கும்போது சிறிது உராய்வு இருக்க வேண்டும், ஆனால் கம்பி அசையக் கூடாது. இறுகிப்போனால் திரவம் ஏறாமல் பஞ்சு கருகித் தொண்டையை அறுக்கும். தளர்ந்துபோனால் திரவம் ஒழுகும். முனைகளைச் சாய்வாகக் கத்தரித்து, ஊசியால் பிரித்து, திரவம் தேங்கும் பள்ளத்தில் மெத்தென்று படியவைத்தேன். எந்தக் குறையும் இல்லாமல் அமைந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். விடப்போகும் செய்தியை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

மார்ச் 10

நிறுத்தினேன். சாதனங்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மெல்லக் கூடாது. காரமோ கூச்சமோ நாவில் தட்டும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, உணர்வு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். தொடர்ந்து மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சமாகும்.

மார்ச் 12

எதிலும் பிடிப்பில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. விலகல் அறிகுறிகள் முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை எட்டி, பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும் என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை; எழுந்து நடந்தால் போய்விடுகிறது.

மார்ச் 14

குழுவில் விஷயத்தைச் சொல்லாமல், நிறுத்தியவர்களின் அனுபவத்தை மட்டும் கேட்டேன். காபியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் ஒருவர். அந்த அறிவுரை சிகரெட்டை விடுபவர்களுக்கு முற்றிலும் பொருந்தும்: புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிக் காஃபீனை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன, புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே காபி கூடுதலாக வேலைசெய்து தூக்கத்தைக் கெடுக்கும். அந்த நொதியைத் தூண்டுவது புகைதான், நிக்கோட்டின் அன்று. ஆகையால் வேப்பை விடுபவர்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. எனக்குக் காபியால் வரும் இடைஞ்சல் வேறு. அது வாயில் அமிலத்தன்மையை உண்டாக்கிச் சூயிங்கத்தின் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்தே மெல்லத் தொடங்க வேண்டும்.

மார்ச் 18

சூயிங்கத்தின் வரலாற்றைப் படித்தபோது மனம் சற்றே தெளிந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத சுவீடன் மாலுமிகளின் தவிப்பு 1967-இல் ஊவே ஃபெர்னோ என்ற வேதியியலாளரின் காதுக்கு எட்டியதிலிருந்து இந்த மருந்து பிறந்தது. நாங்கள் கொண்டாடிய சாதனமும் ஒரு தவிப்பிலிருந்தே பிறந்தது. 2003-இல் நவீன இ-சிகரெட்டை உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக், தாமே கடுமையாகப் புகைத்தவர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இரண்டுமே சிகரெட்டிலிருந்து தப்பிக்க மனிதர்கள் தேடிய வழிகள். ஒன்றை விடுவதற்கு மற்றொன்றின் துணையை நாடியிருக்கிறேன்.

மார்ச் 23

உடல் வழிக்கு வருகிறது. இப்போது என்னை இழுப்பது நிக்கோட்டின் அன்று, குழு. இதை எழுதவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் யாரும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. நேற்று இரவு ஒருவர் புதிய காயிலின் படத்தை அனுப்பினார். நடுவிலிருந்து பரவும் அந்தச் செம்மையைப் பார்த்த கணத்தில் என் வலக்கை தானாகவே மேசையின் மூலைக்குப் போயிற்று, சாதனம் எப்போதும் இருக்கும் இடத்துக்கு. பழகிய காட்சியும் பழகிய பேச்சும் வேட்கையை எழுப்பும் என்பது அறிவியல் அறிந்த உண்மை. எங்கள் குழுவிலோ காட்சியும் பேச்சும் அதைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே இருந்துகொண்டே விலகியிருப்பது எனக்கு ஆகாது.

எவ்வளவு நல்ல மனிதர்கள்! 2019-இல் அமெரிக்காவில் வேப்பிங் தொடர்பான நுரையீரல் பாதிப்பு பரவியபோது எல்லோரும் நடுங்கிப்போனோம். அடுத்த பிப்ரவரிக்குள் அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் பதிவாயினர்; அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். ஆய்வு முடிவுகள் வரவர அவற்றைப் பொறுமையாகப் படித்துத் தமிழில் எங்களுக்கு விளக்கியவர் ஃப்ளேவர் கலப்பதில் தேர்ந்த ஓர் அக்கா. கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட விட்டமின் இ அசிடேட்டுக்கும் அந்தப் பாதிப்புக்கும் வலுவான தொடர்பு தெரிந்ததும், எண்ணெய்ப்பசை உள்ள எதையும் நுரையீரலுக்குள் செலுத்தாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் உள்ள எஸன்ஸ்களை அவர் தம் கலவைகளில் சேர்த்ததே இல்லை. அது பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்த பொருள் என்பதை நான் அவரிடமிருந்தே அறிந்தேன். நிக்கோட்டின் தோல் வழியாகவும் ஏறும் என்று கையுறை இல்லாமல் கலக்க எங்களை அனுமதித்ததில்லை. இந்த அளவுக்குப் பிறர் உடம்பின்மேல் அக்கறை காட்டுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

மார்ச் 30

வார இறுதிக் காணொளிக் கூடலில் சொல்லிவிட்டேன். பேச்சில் தடுமாறுவேன் என்று அஞ்சி எழுதிவைத்துக்கொண்டு வாசித்தேன்:

“அன்பர்களே, நான் வேப்பிங்கை நிறுத்திவிட்டேன். உங்களோடு இருந்தால் நிறுத்தியதைக் காப்பாற்ற என்னால் முடியாது என்பதால் குழுவிலிருந்தும் விடைபெறுகிறேன். சிகரெட் இல்லாமல் வாழலாம் என்று எனக்குக் காட்டியவர்கள் நீங்கள். என் காயில் முதன்முதலில் சீராகச் சிவந்தபோது, வேலையை நிறுத்திவிட்டு எனக்காகக் கைதட்டியவர்கள் நீங்கள். உங்கள் பழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. உங்களில் யாருக்காவது விட வேண்டும் என்று தோன்றினால், நள்ளிரவானாலும் என்னை அழையுங்கள்.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன், “நல்ல காரியம்தானே செய்கிறாய், அதற்கு ஏன் இப்படிக் குரல் நடுங்குகிறது?” என்றார். அக்கா அழுதுவிட்டார், தாமும் ஒருநாள் விடத்தான் வேண்டும் என்றார். இருபதைச் சற்றே தாண்டிய தம்பி ஒருவன் மட்டும் எதுவும் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடல் முடிந்ததும் குழுவிலிருந்து என் பெயரை நானே நீக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 6

பொருள்களை ஒப்படைத்தேன். மின்தடை அளக்கும் கருவியும் இடுக்கியும் அண்ணனுக்குப் போயின. பேட்டரிகளின் இரு முனைகளிலும் நாடா ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தேன். முனைகள் உலோகத்தில் பட்டால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். மீதமிருந்த நிக்கோட்டின் திரவத்தைக் கழுவுதொட்டியிலோ மண்ணிலோ ஊற்றலாகாது. பாட்டில்களை இறுக மூடி, பெயர் எழுதி, அபாயகரக் கழிவுகளை ஏற்குமிடத்தில் சேர்த்தேன். திரவம் கலக்க அடிப்படையான புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் திறக்கப்படாத பாட்டில்களில் இருந்தன. அக்காவுக்கு அவை பயன்படும், ஆனாலும் விட நினைப்பவரின் கையில் அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 28

சூயிங்கத்தின் இடைவெளி நீண்டுகொண்டே வருகிறது. தொடர்ந்து நிக்கோட்டின் பெற்ற மூளையில் எண்ணிக்கை கூடிப்போன, நிக்கோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இயல்பு நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம்வரை ஆகலாம் என்கிறார்கள், அதனால் அவசரப்படவில்லை. உறக்கம் சீராகிவிட்டது. கூடல் நடக்கும் நேரம் வந்தால் மட்டும் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் இப்போது எதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு, நிக்கோட்டின் வேட்கையைப் போலச் சில நிமிடங்களில் போய்விடுவதில்லை.

மே 4

தம்பி நேற்று அழைத்தான். அவன் பயன்படுத்துவது நிக்கோட்டின் சால்ட். பென்சாயிக் அமிலம் சேர்ந்து காரத்தன்மை குறைவதால், அளவு மிகுந்தாலும் அது தொண்டையை உறுத்துவதில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்று இழுப்பவருக்கே தெரிவதில்லை. விடுவது தனக்குக் கூடுமா என்று கேட்டான். கூடும் என்றேன், இன்று பன்னிரண்டு வாரத் திட்டத்தை அவனுக்கு எழுதியனுப்பினேன். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சூயிங்கம், அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நாளை இரவு மறுபடி பேசும்போது, கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு இழுக்கிறான் என்று கேட்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் என்றால் 2 மில்லிகிராம் சூயிங்கம் போதாது, 4 மில்லிகிராம் தேவைப்படும். மருந்தாளுநரிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ளச் சொல்ல வேண்டும்.