தூண் வரிசையும் குளோன் பிரஷும்

ஜூன் 4

திருமலை நாயக்கர் மகாலின் உள்முற்றத்தைக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரையத் தொடங்கியிருக்கிறேன். 1636இல் கட்டப்பட்ட அந்த மகாலின் பருத்த தூண்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றை மட்டும் முழுமையாகத் தீட்டிவிட்டு மற்றவற்றை, படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுத்துப் பதிக்கும் குளோன் பிரஷால் நிரப்பிவிடலாம் என்ற ஆசை யாருக்கும் எழும். முழுத் தூணையும் பெருக்குவதற்கு லேயரை, அதாவது கண்ணாடித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் தளத்தை, நகலெடுத்தாலே போதும், பிரஷ் எதற்கு? சுண்ணாம்புப் பூச்சின் கறையையும் விரிசலையும் மட்டுமே அதனிடம் ஒப்படைக்கப்போகிறேன்.

ஜூன் 5

கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஓரிடத்தைச் சொடுக்கினால் அது மூலப்புள்ளியாகிறது. முதல் ஸ்ட்ரோக்கில் (பிரஷின் ஒரே இழுப்பில்) மூலத்துக்கும் பிரஷுக்கும் இடையே அமைந்த தொலைவு, பின்வரும் ஸ்ட்ரோக்குகளிலும் மாறாமல் தொடர்வது ஒரு முறை. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் தொடக்கத்திலும் மூலப்புள்ளிக்கே திரும்புவது மற்றொரு முறை. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இவற்றை ‘அலைன்ட்’, ‘நன்’ என்ற தேர்வுகளாகக் காணலாம். அகன்ற பரப்புக்கு முதலாவதும், ஆங்காங்கே காரை பெயர்ந்த திட்டுகளுக்கு இரண்டாவதும் பொருந்துகின்றன. கண்ணுக்குத் தெரியும் எல்லா லேயர்களிலிருந்தும் நகலெடுக்கும் தேர்வை இயக்கி, வெற்று லேயர் ஒன்றில் தீட்டுகிறேன். கீழே உள்ள ஓவியம் தீண்டப்படாமல் இருக்கும், பிடிக்காததை அழித்துக்கொள்ளவும் முடியும்.

ஜூன் 7

இந்தப் பிரஷுக்கு ஒளி என்றால் என்னவென்று தெரியாது. என் ஓவியத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுவதால், உருண்டையான தூணின் நிறம் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாக இருண்டுகொண்டே போகிறது. வெளிச்சமான இடத்தில் எடுத்த காரையை நிழற்பக்கத்தில் பதித்தால், அது வெளிச்சத்தையும் கூடவே சுமந்துவந்து ஒட்டுப் போட்டதுபோல் நிற்கும். ஆகவே, அடுத்த தூணில் அதே வளைவில், அதே வெளிச்சத்தில் உள்ள இடத்தையே மூலமாகத் தேர்கிறேன். போட்டோஷாப்பில் மூலத்தை இடவலமாகத் திருப்பிப் பதிக்கும் வசதி உண்டு என்றாலும், பெயர்ந்த காரையின் விளிம்பில் விழும் நுண்ணிய நிழலும் சேர்ந்தே திரும்பிவிடுமாதலால், இத்தகைய படத்துக்கு அது உதவாது. ஒரே வடிவ விரிசல் இரண்டாம் முறை வந்தாலே கண் கண்டுபிடித்துவிடும் என்பதால், மூலப்புள்ளியை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருக்கிறது.

ஜூன் 9

குளோன் பிரஷின் ஹீலிங் தேர்வை இன்று பயன்படுத்தினேன். மூலத்தின் சொரசொரப்பை எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பதிக்கும் இடத்தின் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப அது சரிசெய்துவிடுவதால், தூணின் நடுப்பகுதியில் வேலை எளிதாயிற்று. ஆனால் வெயில் பட்ட தூண் முடிந்து பின்னாலுள்ள இருண்ட தாழ்வாரம் தொடங்கும் விளிம்பில் அந்த இருட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அழுக்குப்போல் பூசிவிடுகிறது. அங்கெல்லாம் தீட்டும் பகுதியை வரையறுக்கும் தேர்வுக்கோடு போட்டு, சாதாரணக் குளோனிலேயே குறைந்த ஒபாசிட்டியில் (அடியில் உள்ளது தெரியும்படி மெலிதாக) தீட்டுகிறேன். வளைவுகளின் சுதை வேலைப்பாடு முழுவதையும் கையால்தான் வரைய வேண்டும்.