மச்சானின் சிவப்புப் புள்ளி

மட்டக்களப்புப் படுவான்கரையில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், பன்றி இறங்கினால் எங்களிடம் இருப்பது யானைவெடியும் டோர்ச்சும்தான். கனடா மச்சான் தன் மான் வேட்டை ரைபிளில் ரெட் டொட் என்கிற, சிவப்புப் புள்ளியால் குறி பார்க்கும் கருவியைப் பூட்டி வீடியோவில் காட்டினான். உருப்பெருக்கம் கிடையாது. உள்ளே சின்ன எல்ஈடி; அதன் ஒளி பூச்சுப் போட்ட கண்ணாடியில் பட்டுத் தெறித்துப் புள்ளியாகத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்தே குறி பார்க்கலாம். பற்றைக்குள் ஓடுகிற மிருகத்துக்கு அதுதான் பெரிய வசதி. சுவீடனின் எய்ம்பொயின்ட் கம்பனி 1975இலேயே இதைச் செய்துவிட்டது. 2 எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு) புள்ளி 100 யார் தூரத்தில் ஏறக்குறைய 2 அங்குலத்தை மறைக்கும். அதனால் தூரத்துக்கு, உருவைப் பெருக்கிக் காட்டும் ஸ்கோப்தான் சரி. அஸ்டிக்மாட்டிசம் என்கிற பார்வைக் குறை உள்ள கண்ணுக்குப் புள்ளி கலங்கி வால் முளைத்துத் தெரியும். எனக்கு அந்தக் கண்தான், சரி விடுங்கள்! “பற்றரி செத்தால் என்ன செய்வாய் மச்சான்?” என்றேன். பற்றரி தேவைப்படாத பழைய இரும்புக் குறியை அவன் இன்னும் கழற்றவில்லையாம். கெட்டிக்காரன்.