அடுத்து வருபவருக்காகப் பேசுங்கள்

முதன்முறையாக நிகழ்ச்சி தொகுத்து வழங்க ஒப்புக்கொண்டவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தொடக்கத்தில் என்ன பேசினால் கூட்டம் அசந்துபோகும்?" நான் திருப்பிக் கேட்பது: "உங்களுக்குப் பிறகு பேசப்போகிறவரைப் பார்த்துப் பேசிவிட்டீர்களா?" பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை. தொகுப்பாளர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்து மைக்கைப் பிடிக்கப்போகிறவருக்கு உதவ வேண்டும். உதவாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வெட்டிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிகழ்ச்சி தொடங்க நிறைய நேரம் இருக்கும்போதே அரங்கத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். பேச்சாளர்கள் ஒவ்வொருவராக வர வர, அருகில் போய், "உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பேன். அவர் சொல்வது என் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே குறிப்பு அட்டையில் எழுதிக்கொள்வேன். அழைப்பிதழை நம்புவதில்லை. அதில் பழைய பதவி இருக்கும்; அவர் ஓய்வுபெற்று நாளாகியிருக்கும். "முனைவர்" என்று போட்டிருப்பார்கள். அவர் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்கவே மாட்டார். தன் பெயரைத் தவறாகச் சொல்லி அழைத்த மேடையில் ஏறுகிறவர் முதல் நிமிடத்தை அதைத் திருத்துவதிலோ, திருத்தலாமா வேண்டாமா என்று தயங்குவதிலோ செலவழிக்கிறார். அந்த நிமிடம் அவருடையது. அதைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

அறிமுகம்தான் இந்தப் பணியின் உயிர். "அடுத்து வருபவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று தொடங்கி, அவர் படித்த கல்லூரி முதல் பெற்ற விருதுகள் வரை வரிசையாக வாசிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்றே: இந்தப் பொருள் நமக்கு ஏன் முக்கியம், இதைப் பேச இவருக்கு என்ன தகுதி, இவர் யார். இந்த வரிசையும் முக்கியம். இரவுப் பூச்சிகளை ஆராயும் ஒரு பெண் பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "விளக்கைச் சுற்றும் பூச்சிகளை நாம் விரட்டுகிறோம். அவை ஏன் வெளிச்சத்தைத் தேடி வருகின்றன என்று அறிவதற்காகவே இரவு இரவாகக் காட்டில் விழித்திருந்தவர் இவர். அங்கே என்ன கண்டார் என்பதைச் சொல்ல வருகிறார்..." என்று சொல்லி, கடைசியில் பெயர். பெயர் காதில் விழுந்ததும் கைதட்டல் தானாக எழும். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் எப்போது தட்டுவது என்று கூட்டத்துக்குத் தெரியாது. பேச்சாளரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் நிற்பார்.

பெயரைச் சொன்னவுடன் இறங்கிப் போய்விடாதீர்கள். அவர் வந்து சேரும்வரை அங்கேயே நின்று, முதல் ஆளாகக் கைதட்டுங்கள். அவர் உயரத்துக்கு மைக்கைத் தாழ்த்தியோ உயர்த்தியோ கொடுத்துவிட்டு, அவர் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விலகுங்கள். ஆளில்லாத மைக்கை நோக்கி ஒருவர் தனியாக நடந்து வருவது அவருக்கு எவ்வளவு நீண்ட தூரமாகத் தோன்றும் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும்.

கையில் இருக்கும் அட்டையை முழுதாகப் படிக்கும் பழக்கத்துக்கு 2015 டிசம்பர் 20 அன்று நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியை எப்போதும் சுட்டிக்காட்டுவேன். தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி, இரண்டாமிடம் பெற்ற கொலம்பியாவை வெற்றியாளராக அறிவித்துவிட்டார். வென்றது பிலிப்பைன்ஸ். இரண்டாம், மூன்றாம் இடங்கள் ஒரு பக்கமாக இருக்க, வென்றவரின் நாடு அட்டையின் கீழ் மூலையில் தனியாக அச்சாகியிருந்தது. ஆனால் அவர் அதன் பிறகு செய்தது பலரால் செய்ய முடியாதது. சில நிமிடங்களில் மேடைக்குத் திரும்பி, பிழை தன்னுடையது என்று சொல்லி, அட்டையையே எல்லோருக்கும் காட்டினார். 2017 ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்தை அறிவிக்க வந்தவர்கள் கையில் தவறான உறை தரப்பட்டது. பிரித்தவர் தயங்கினார், உறைக்குள் மீண்டும் பார்த்தார். ஆனாலும் தவறான படத்தின் பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்டுவிடுங்கள். பத்து விநாடி மௌனத்தால் எந்த நிகழ்ச்சியும் கெட்டுப்போனதில்லை.

அடுத்தது நேரம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு 120 முதல் 150 ஆங்கிலச் சொற்கள் என்பது பொதுவான கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே இன்னும் குறையும். எழுதிய அறிமுகத்தை வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். நிகழ்ச்சி தாமதமாகிவிட்டால் முதலில் குறைக்க வேண்டியது உங்கள் பேச்சை, பேச்சாளர்களுடையதை அல்ல. நீட்டிக்கொண்டே போகிறவரை நிறுத்துவது கடினமான வேலை என்பதை மறுக்கவில்லை. எந்த நேரத்தில் எந்தச் சைகை காட்டுவோம் என்று முன்பே பேசி வைத்தால் பாதி தீர்ந்தது. அதற்கும் மசியவில்லை என்றால் மேடை ஓரத்தில் எழுந்து நிற்கலாம். கடைசி வழியாக, அவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், அவர் சொன்ன ஒரு கருத்தையே எடுத்துச் சொல்லி நன்றி கூறலாம். எழுதியனுப்பும் துண்டுச் சீட்டு எனக்குப் பிடிப்பதில்லை. அது கூட்டத்தின் முன் அவரைக் கூசவைக்கிறது.

மைக்கைத் தலைப்பகுதியில் பொத்திப் பிடிக்காதீர்கள், அதோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். இரண்டுமே காதைக் கிழிக்கும் ஊளையை உண்டாக்கும். ஆடை சுத்தமாக இருந்தால் போதும்.

நகைச்சுவை பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மேடையில் உட்கார்ந்திருப்பவரின் உடலையோ நிறத்தையோ வயதையோ கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பது கோழைத்தனம். அவரிடம் மைக் இல்லை. பதில் சொல்ல முடியாது. சிரித்தமாதிரி உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை.

எதிர்பாராதது நடந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். காணொளி ஓடவில்லையா? "சரிசெய்துகொண்டிருக்கிறார்கள், ஐந்து நிமிடம் ஆகும்" என்றால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வெட்டிப் பேச்சால் நிரப்பினால் எரிச்சலடைவார்கள். மறைந்தவருக்கான அஞ்சலிக்குப் பிறகு பரிசளிப்பு வருகிறதென்றால், நடுவில் ஒரு சிறு உரையோ இசையோ வைக்கும்படி அமைப்பாளர்களிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். குரலை மாற்றி மட்டும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது.

முடிக்கும்போது, முடிந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்து எல்லோரும் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். சட்டையில் குத்தியிருக்கும் மைக் என்றால், யாரிடமும் ஒரு வார்த்தை பேசும் முன் அதை அணைத்துவிட்டீர்களா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.