மீன்தொட்டி வரிசைக்கு முதலில் பார்க்க வேண்டியது சுவர்

வெவ்வேறு அளவுள்ள மீன்தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விரும்புகிறவர்கள், எதற்கு அடுத்து எது வந்தால் அழகு என்று யோசிப்பதற்கு முன், எந்தச் சுவரை ஒட்டி வைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். மதுரையில் அக்னி நட்சத்திர நாட்களில் மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கி, இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டை வீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் திருநகர் வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள உட்சுவரை, இரண்டு பக்கமும் வெயில் படாதது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தோம். நான்கடி, இரண்டடி, ஓரடி என்று மூன்று தொட்டிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன.

அளவு மாறும்போது தண்ணீரின் போக்கும் மாறிவிடுகிறது. அகலமும் உயரமும் ஒன்றரை அடியாக உள்ள நான்கடித் தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். எல்லாப் பக்கமும் ஓரடியான தொட்டி 28 லிட்டர்தான் கொள்ளும். அறை சூடேறினால் சிறிய தொட்டி சில மணி நேரத்திலேயே கூடச் சூடேறிவிடும். பெரியது மெல்லத்தான் ஏறும். 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீர், 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் வைத்திருக்க முடியும். ஆகவே ஓரடித் தொட்டியை ஜன்னலுக்கு எட்டாத கடைசி மூலையில் வைத்து, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கவும் தெரிந்த ஃபைட்டர் மீனை அதில் விட்டிருக்கிறேன். கடின நீரை விரும்பும் மோலியும் பிளாட்டியும் பெரிய தொட்டியிலும், கப்பிகள் இரண்டடித் தொட்டியிலும் இருக்கின்றன. எங்கள் போர் தண்ணீருக்கு இந்த மூன்று இனங்களும் நன்றாகவே பொருந்துகின்றன.

மூன்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரே ஸ்டாண்டு செய்துகொள்ளலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து நான்கடித் தொட்டியின் எடை 300 கிலோவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். அந்தப் பாரத்தில் இரும்புச் சட்டம் சிறிது வளைந்தாலும், பக்கத்துத் தொட்டியின் அடிக்கண்ணாடி முறுக்கேறி ஒட்டு விடும். தனித்தனி ஆங்கிள் ஸ்டாண்டு இருந்தால் ஒன்றை நகர்த்த மற்றவற்றைக் காலி செய்ய வேண்டியதும் இல்லை.

அடுத்தது தரை. கழுவிவிட்ட தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக நம் பக்கத்து வீடுகளில் தரையை வாசலை நோக்கிச் சற்று வாட்டமாகவே போடுகிறார்கள். நடக்கிறவர் காலுக்கு அது தெரியாது, தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் தெரிந்துவிடும். ஸ்டாண்டுகளை வைப்பதற்கு முன்னால் மட்டம் பார்க்கக் கொத்தனார் அண்ணன் ஒருவரை வரவழைத்தோம். தண்ணீர் நிரப்பிய டியூப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைச் சுவரின் கடைசி வரை இழுத்துச் சென்றார். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நின்றிருந்தது. அதைச் சுண்டிச் சுண்டி வெளியேற்றி, தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுத்திருந்து, பென்சிலால் கோடு போட்டார். “வாட்டம் வாசப் பக்கம் போகுது தம்பி, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒரு விரக்கடை இருக்கு பாருங்க” என்றார். அந்த வித்தியாசத்தை ஸ்டாண்டின் காலுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்; தொட்டிக்கு அடியில் எதையும் செருகக் கூடாது. தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாகோல் போதும்.

தொட்டிகளின் அடிமட்டம் ஒன்றாக இருப்பதைவிட மேல்விளிம்பு ஒரே கோட்டில் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சிறிய தொட்டிகளின் ஸ்டாண்டுகளை அரையடி உயர்த்திச் செய்யச் சொன்னோம். இதனால் நீர்மட்டம் மூன்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறது. ஏர் பம்ப்பை அதற்கு மேலே ஒரு பலகையில் வைத்துவிட்டால், கரண்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பம்ப்புக்கு இறங்கும் அபாயமும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஒரே பம்ப்பிலிருந்து மூன்று தொட்டிகளுக்கும் காற்றைப் பிரித்துக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடுவதால், காற்று எப்போதும் ஆழம் குறைந்த தொட்டிக்கே ஓடும். பெரிய தொட்டியில், காற்றுக்குமிழால் தண்ணீரை இழுத்து வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழே வராது. சிறிய தொட்டிகளுக்குப் போகும் குழாய்களின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தால், பெரிய தொட்டியில் குமிழ் எழும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

தொட்டிகளுக்கு நடுவே, கை நுழைந்து துணியால் துடைக்கும் அளவுக்காவது இடைவெளி வேண்டும். போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்த உப்புப் படிவை நாளாக விட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நீண்ட வால் கப்பிகளைப் பார்த்து ஃபைட்டர் நாள் முழுவதும் செவுளை விரித்துக்கொண்டு நிற்பதால், அந்தப் பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டியிருக்கிறேன்.

தொட்டிகளைக் குழாயால் இணைத்து ஒரே ஃபில்டரில் ஓட்டும் முறையும் உண்டு. வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன், ஏனென்றால் ஒன்றில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மற்ற இரண்டுக்கும் அது அப்படியே போய்ச் சேரும். வலையும் வாளியும்கூட ஒவ்வொன்றுக்கும் தனியாகவே இருக்கட்டும். புதிய தொட்டி ஒன்றை வரிசையில் சேர்க்கும்போது மட்டும், நோயில்லாத பழைய தொட்டியில் நன்றாக ஓடிய ஸ்பாஞ்சு ஒன்றை, குழாய்த் தண்ணீரில் கழுவாமல் அப்படியே எடுத்து அதில் போட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதிலேயே வந்துவிடுவதால், மீன் விடுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.